வெட்டிய மரத்துக்குத் தண்ணீர் காட்டுதல்

கிரேடவுன் சாலையில் மூன்றாவது வாட்டில் தோப்பு.
விடியுமுன் வெட்டிவிட வேண்டும்.
வெயில் விழுந்தால் மரம் இழுக்கத் தொடங்கிவிடும்,
வெட்டுவாயில் காற்று புகுந்துவிடும்.
ஆகவே ஜூலைப் பனியில், நெற்றி விளக்குகளோடு,
நான்கு புறமும் கயிறு கட்டி
நின்ற நிலையிலேயே அறுத்தோம்.
விழவில்லை.
விழ விடவில்லை.
ஆறு பேர் ஆடாமல் தூக்கி
அடியை வாளிக்குள் இறக்கினோம்.
தண்ணீருக்குள் கைவிட்டு
இன்னொரு விரற்கடை அறுத்தான் பெகிசிசா.
எழுந்தபோது அவன் விரல்கள் மரத்திருந்தன.

மார்பளவு உயரத்தில் மூன்று ஊசிகள்.
நடு ஊசி அரை மணிக்கொரு முறை
ஒரு நொடி சுடும்.
அந்தச் சூடு மேலே இருக்கும் ஊசியைத் தொட
எவ்வளவு நேரம் ஆகிறது?
நாங்கள் கேட்பது அவ்வளவுதான்.
இரண்டு வருடமாக ஊசி பதில் சொல்கிறது.
அது சொல்வது மெய்தானா என்று பார்க்க
இன்றைக்கு இந்த வாளி.

ஏழரை. ஒன்றுமில்லை.
எட்டு பத்துக்கு உச்சிக் கிளையில் வெயில்.
வாளியில் கோடு
நகக்கண் அளவு இறங்கியது.

மரத்துக்கு இன்னும் தெரியாது.

மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது ஒன்று,
ஆளுக்குத் தண்ணீர் காட்டுவது வேறு.
இது எந்தக் கணக்கு என்று
தவனேசன் படையாச்சியிடம் விளக்கப் பார்த்தேன்.
அவருக்குத் தெரிந்த பத்துப் பன்னிரண்டு தமிழ்ச் சொற்களில்
தண்ணி உண்டு, காட்டுவது இல்லை.
'ஊற்று' என்றார் ஆங்கிலத்தில்.
ஊற்றினேன். ஜாடிக்கு ஒரு கோடு.

வேலிக்கு அப்பால் புல்.
மண்ணோடு பெயர்த்து, அடியில் தராசு வைத்து
அதே குழியில் திரும்பப் புதைத்திருக்கிறோம்.
மே மாதத்திலிருந்து அது குடிக்கவில்லை.
தேன் நிறத்தில் காய்ந்து கிடக்கிறது.
அதன் பத்தியில் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்,
உறைபனி விழுந்த இரவுகளில் மட்டும்
நாற்பது கிராம் கூடுதல்.
காலையில் அதுவும் போய்விடும்.

கீழே, மூடுபனிக்கடியில், கரும்பு.
அதை அளக்க வேறு திட்டம், வேறு பணம் என்றேன்.
'அதை அளக்கத்தான் ஆயிரத்து எண்ணூற்று அறுபதில்
எங்கள் ஆட்களைக் கப்பலில் அனுப்பினார்கள்'
என்றார் படையாச்சி,
பிளாஸ்கின் மூடியில் தேநீர் ஊதிக்கொண்டே.

பதினொன்று முதல் ஒன்றுவரை
எங்களால் உட்கார முடியவில்லை.
ஜாடி ஜாடியாகக் கேட்டது.
ஓடைக்கும் வாளிக்குமாக
கேன் சுமந்தான் பெகிசிசா.
அவன் ஊருக்கு லாரித் தண்ணீர்
செவ்வாயும் வெள்ளியும் வரும்,
வந்தால்.
'இதுவரை எத்தனை?'
'இருபத்தேழு லிட்டர்.'
'எங்கள் வீட்டில் ஐந்து பேர்' என்றான்.
மேலே ஏதோ சொல்ல வந்தவன்
கோட்டைப் பார்த்தான்,
இறங்கியிருந்தது,
குனிந்து ஊற்றினான்.

இரண்டு மணிக்குச் சிவப்புச் சாயம் கலந்தோம்.
நான்கரைக்கு நிழல் ஏறி வந்தது.
மரம் நிறுத்திக்கொண்டது,
வெட்டாத மரங்கள் நிறுத்திய அதே நேரத்தில்.
சாய்த்து, குறுக்கே அறுத்துப் பார்த்தோம்.
பட்டையை ஒட்டி இரண்டு விரல் அகலம்
சிவப்பு வளையம்.
நடுவில் வெளுத்த கட்டை.
அது குடிப்பதே இல்லை,
சும்மா நிற்கிறது. நின்றது.

மிச்சத் தண்ணீரைப் பெகிசிசா
தரையில் கவிழ்த்தான்.
'எவ்வளவு கொட்டினாய்? கழிக்க வேண்டும்' என்றேன்.
சிவந்த உள்ளங்கைகளைக் கால்சட்டையில் துடைத்தபடி
என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.
நாலு, என்று நானே எழுதிக்கொண்டேன்.
நாலரையாகவும் இருக்கலாம்.

இருட்டிவிட்டதில்
ஊசிகளைக் கழற்ற மறந்துபோனோம்.
மறுநாள் வந்து பெட்டியைத் திறந்தால்
இரவெல்லாம் பதிந்திருக்கிறது:
தரையில் கிடந்த தண்டுக்குள்
அரை மணிக்கொரு முறை நடு ஊசி சுட்டிருக்கிறது.
சூடு உச்சியின் பக்கமும் அடியின் பக்கமும்
ஒரே அளவு பரவி
ஆறியிருக்கிறது.
இருபத்தொன்பது தடவை.